பிறந்த இடம்: டெல்ஃப்ட்

1

அக்காவுக்கு விசா இல்லை என்று வந்த கடிதத்தில் ஒரேயொரு காரணம்தான் இருந்தது. விண்ணப்பித்தவர் இலங்கையில் பிறந்தவர். அவரை அழைப்பவர் நெதர்லாந்தில் பிறந்தவர். ஆகவே இருவரும் சகோதரிகள் என்பது நிறுவப்படவில்லை.

அழைத்தவள் நான். நான் நெதர்லாந்தில் பிறந்தவள் என்று ஒருவர் சொல்லிக் கேட்டது அதுதான் முதல் தடவை.

நான் பிறந்தது நெடுந்தீவில். இந்த நெதர்லாந்துக்காரர்கள், எங்கள் பேச்சில் ஒல்லாந்தர், அங்கே ஆண்ட காலத்தில் தங்கள் ஊர் ஒன்றின் பெயரை எங்கள் தீவுக்கு வைத்துவிட்டுப் போனார்கள். ஆங்கிலத்தில் எழுதும்போது இன்றைக்கும் அது டெல்ஃப்ட். என்னுடைய பழைய இலங்கைக் கடவுச்சீட்டிலும் பிறந்த இடம் அப்படித்தான் அச்சடிக்கப்பட்டிருந்தது. இருபது வருடங்களுக்கு முன் கலியாணம் முடித்து இங்கே வந்து, நகரசபையில் பதியப் போனேன். அங்கிருந்த மனிதர் கடவுச்சீட்டைப் பார்த்துவிட்டுக் குலுங்கிச் சிரித்தார். எனக்கு அப்போது அவர்கள் மொழி ஒரு சொல்லும் தெரியாது. மரியாதைக்கு நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்போடு நான் இங்கே இருக்கும் டெல்ஃப்டில் பிறந்தவளாகிவிட்டேன்.

இந்த நாட்டுக் கடவுச்சீட்டில் பிறந்த ஊர் மட்டும்தான் இருக்கும், நாடு இருக்காது. அதனால் எனக்குத் தெரியவில்லை. மற்றவர்கள் கண்ணிலும் இத்தனை வருடம் ஏன் படவில்லை என்பது இன்னமும் விளங்கவில்லை.

அக்கா வரவிருந்தது சும்மா சுற்றிப் பார்க்க அல்ல. எனக்குக் கர்ப்பப்பையில் கட்டி. பயப்பட ஒன்றுமில்லை, ஆனால் எடுத்தேயாகவேண்டும் என்று வைத்தியர் சொல்லிவிட்டார். எடுத்தபின் ஒன்றரை மாதம் ஒரு வாளித் தண்ணீர்கூடத் தூக்கக் கூடாதாம். என் கணவர் பாரவூர்தி ஓட்டுபவர். ஸ்பெயினுக்குப் போனால் கிழமைக் கணக்கில் வீட்டுக்கு வரமாட்டார். மகள் அனிற்றாவுக்குப் பதினாறு வயது, பரீட்சை வருடம். அக்காவிடம் போனில் சொன்னபோது அவர் ஒரு கணமும் யோசிக்கவில்லை.

"நான் வாறன். கடையை அத்தான் பாப்பார்."

நெடுந்தீவில் படகு வந்து கட்டும் மாவிலித்துறையடியில் அக்காவுக்குத் தேத்தண்ணிக் கடை. அந்தக் கடையை அவர் ஒருநாளும் அத்தானை நம்பி விட்டதில்லை. அப்படிப்பட்டவருக்குத்தான் இப்படியொரு கடிதம். அன்றைக்கே எனக்குப் போன் எடுத்தார்.

"எடி றெஜி, அப்ப நீ என்ர தங்கச்சி இல்லையோ?"

"அவையின்ர கணக்கில இல்லையாம், அக்கா."

"அப்ப நீ ஆற்ற பிள்ளையாம்?"

"அதை எழுதேல்லை."

அக்கா சிரித்தார். நானும் சிரித்தேன். போனை வைத்தபிறகு வெகுநேரம் எனக்கு வந்திருந்த அந்தக் கடிதத்தின் பிரதியை மேசையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

2

ஊரில் எவராவது என் வேலையைக் கேட்டால் "கொம்பியூட்டர்" என்று சொல்லித் தப்பிவிடுவது வழக்கம். இம்முறை கொஞ்சம் விளக்கமாகச் சொல்லவேண்டும். என் குழப்பத்தில் பாதி அங்கிருந்துதான் வந்தது.

இந்த நாட்டில் கடல் மட்டத்துக்குக் கீழே கிடக்கும் வயல்கள் ஏராளம். வாய்க்கால்களில் இருக்கும் மதகுகளைத் திறந்து மூட ஒரு சின்னப் பெட்டி உண்டு. அப்படியான பெட்டிகளைச் செய்யும் சிறிய கம்பனியில் நான் வேலை செய்கிறேன். பெட்டிக்குள் இருக்கும் கணினிச் சில்லு வருடத்துக்கு ஒன்றாக மாறும். அதற்காக ஒவ்வொரு மதகுக்கும் எழுதிய நிரலை, அதாவது கட்டளை வரிசையை, வருடாவருடம் திருப்பி எழுத ஏலாது. ஆகவே உலகத்தில் எங்கேயும் இல்லாத ஓர் இயந்திரத்தை நாங்கள் கற்பனை செய்கிறோம். மெய்நிகர் இயந்திரம் என்று அதைச் சொல்வார்கள். நிரல்களையெல்லாம் அந்த இல்லாத இயந்திரத்துக்கே எழுதுவோம். எந்தச் சில்லு வந்தாலும், அது அந்த இயந்திரம் மாதிரி நடிக்கப் பழக்கிவிடுவோம்.

அந்த இயந்திரத்துக்கு என்னென்ன கட்டளைகள் விளங்கவேண்டும் என்று தீர்மானிப்பதுதான் என் வேலை. ஒவ்வொரு கட்டளைக்கும் ஓர் எண். ஒன்று என்றால், ஓர் எண்ணை அடுக்கின்மேல் வை. இரண்டு என்றால், மேலே இருக்கும் இரண்டையும் எடுத்துக் கூட்டி, விடையை அதே அடுக்கில் வை. இப்படியே மொத்தம் இருநூற்று ஐம்பத்தாறு எண்களுக்குத்தான் இடம். ஒன்றும் செய்யாதே என்பதற்கும் ஓர் எண் உண்டு.

இதை ஒருநாள் அக்காவுக்கு விளக்கப் போய் மாட்டிக்கொண்டேன்.

"ஒண்டும் செய்யாதை எண்டு சொல்லுறதுக்கு ஒரு கட்டளையோ?"

"ஓம், அக்கா. அது கட்டாயம் வேணும்."

"உதை எழுதிறதுக்கு உனக்குச் சம்பளமோ?"

"ஓம்."

"இஞ்ச உங்கட அத்தான் சம்பளமில்லாமலே செய்யிறார்."

விசா மறுப்பு வந்த அதே கிழமையில்தான் வேலையிலும் ஒரு வாக்குவாதம் தொடங்கியது. எங்கள் குழுத் தலைவன் யொரிஸ், என்னைவிடப் பத்து வயது இளையவன், கெட்டிக்காரன். எண்கள் தீர்ந்துகொண்டு வருகின்றன, ஆகவே நாற்பத்தொன்றைத் திரும்பப் பாவிப்போம் என்றான். பழைய பெட்டிகளில் நாற்பத்தொன்று என்றால் 'தண்ணீர் இறங்கும்வரை பொறு'. இப்போது எழுதும் நிரல்களில் அதை ஒருவரும் பாவிப்பதில்லை. புதிய பெட்டிகளில் அதற்கு 'மதகைத் திற' என்று பொருள் வைப்போம் என்பது அவன் யோசனை.

"பழைய நிரல் ஒன்று புதிய பெட்டிக்குள் போனால்?" என்று கேட்டேன். "பொறு என்று சொன்னதை அது திற என்று விளங்கிக்கொள்ளுமே."

"நிரலின் தலையில் எந்தக் காலத்து நிரல் என்று எழுதியிருக்கும். பெட்டி இடம் பார்த்துப் பொருள் கொள்ளும்," என்றான்.

இன்னொரு கேள்வியும் இருந்தது. தனக்குத் தெரியாத எண் வந்தால் பெட்டி என்ன செய்யவேண்டும்? நான் தொடக்கத்திலேயே 'நில்' என்று வைத்திருந்தேன். தெரியாததைத் தெரிந்தமாதிரிச் செய்வதைவிட நிற்பது நல்லது என்பது என் எண்ணம். யொரிஸ் அதையும் மாற்றச் சொன்னான். ஒரு சின்ன எண் விளங்கவில்லை என்பதற்காக மதகு நாள்முழுக்க நின்றால் வயல் என்னாவது, கிட்டத்தட்ட என்ன சொல்லியிருப்பார்கள் என்று ஊகித்துக்கொண்டு போகட்டும் என்றான்.

வழக்கமாக இந்த வாதங்களில் நான் விட்டுக்கொடுக்கமாட்டேன். அன்று வாயைத் திறந்தவள் பாதியில் நிறுத்திவிட்டேன். இருபது வருடத்துக்கு முன் நகரசபை ஊகித்தது. இப்போது விசாக் கந்தோர் விளங்காமல் நின்றுவிட்டது. இரண்டும் என் தலையில்தான் விழுந்திருக்கின்றன. நான் எந்தப் பக்கம் பேசுவது?

3

அலுவலகத்தைக் 'கந்தோர்' என்று எழுதும்போது ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. இங்கே வந்த புதிதில் மொழி ஒன்றும் விளங்காமல் இருந்த காலத்தில், திடீரென்று கூட்டத்துக்குள் தெரிந்த முகம் மாதிரி, ஒல்லாந்தர் எங்கள் தமிழில் விட்டுப்போன சில சொற்கள் வந்து நிற்கும். கந்தோரை இவர்களும் கந்தோர் என்றுதான் சொல்கிறார்கள். போஞ்சிக்காயை, அதுதான் பீன்ஸை, ஏறக்குறைய போஞ்சி என்கிறார்கள். வேலைக்குச் சேர்ந்த முதல் கிழமை, பக்கத்து மேசைப் பெண் மளமளவென்று எதையோ சொல்லிக்கொண்டு போக, நடுவில் 'லாச்சி' என்று என் காதில் விழுந்தது. நான் எழும்பிப்போய் மேசை லாச்சியை, அந்த இழுப்பறையை, இழுத்துத் திறந்தேன். அவளுக்கு வேண்டியதும் அதுதான். "உனக்கு எங்கள் பாஷை வருகிறதே!" என்று எல்லாருக்கும் சொன்னாள். அது என் பாஷை என்று சொல்ல எனக்கு அவள் பாஷை வரவில்லை.

இப்போது பாஷை வரும். நகரசபையில் என் பிரச்சினையைத் தடுமாறாமல் சொன்னேன். கவுண்டரில் இருந்தவர் இங்கிரிட் என்ற ஐம்பது வயதுப் பெண். பொறுமையாகக் கேட்டார். கணினித் திரையை என் பக்கம் திருப்பியே காட்டினார்.

"பாருங்கள். இந்த நாட்டு ஊர் என்றால் ஊருக்கு ஓர் எண். நான் டெல்ஃப்ட் என்று எழுதினால் அது தானாக எண்ணைப் போட்டுவிடும். எண் விழுந்தால் நாடும் தானாக விழுந்துவிடும்."

எனக்கு உடனே விளங்கியது. நான் செய்திருந்தாலும் அப்படித்தான் செய்திருப்பேன். அழகான வேலை. அதைச் சொல்லக்கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டேன்.

"மாற்றலாமா?"

"மாற்றலாம். பிறப்புச் சான்றிதழின் மூலப்பிரதி வேண்டும். சத்தியம் செய்த மொழிபெயர்ப்பாளரின் மொழிபெயர்ப்பும் வேண்டும்."

அக்கா நெடுந்தீவுப் பிரதேச செயலகத்தில் என் பிறப்புப் பத்திரத்தை எடுத்துக்கொண்டு, படகில் அக்கரைக் குறிகட்டுவான் துறைக்கு வந்து, பஸ்ஸில் யாழ்ப்பாணம் போய், அங்கே முத்திரை சரியில்லை என்று அனுப்ப, திரும்பவும் தீவுக்குப் போய், அடுத்த நாள் காற்று கடுமையாக இருந்து படகு ஓடாமல், ஒருவழியாக அனுப்பிவைத்தார். நடுவில் ஒருநாள் குறிகட்டுவானில் நின்று எனக்குப் போன் எடுத்தார். காற்றுச் சத்தத்தில் பாதி கேட்கவில்லை.

"எடி, நான் உன்ர அக்கா எண்டு நிரூபிக்க ஓடித்திரியிறன். நீ பிறக்கேக்க நான் அங்க நிண்டனான். என்னை ஒருத்தரும் கேக்கேல்லை!"

பத்திரம் வந்தது. மொழிபெயர்த்தவர் கவனமான மனிதர். தமிழில் 'நெடுந்தீவு' என்று இருந்ததை அப்படியே எழுத்துக்கு எழுத்துப் பெயர்த்து வைத்திருந்தார்.

இங்கிரிட் அதை வாசித்தார். திரையைப் பார்த்தார். திரும்பவும் வாசித்தார்.

"இது வேறு ஊர் அல்லவா?"

"இல்லை. அதே ஊர்."

"பதிவில் டெல்ஃப்ட். கடவுச்சீட்டில் டெல்ஃப்ட். நீங்கள் கொண்டுவந்த உங்கள் அக்காவின் விண்ணப்பத்திலும் டெல்ஃப்ட். சான்றிதழில் மட்டும்..." அவர் அந்தச் சொல்லை வாசிக்க முயன்று நடுவில் விட்டுவிட்டார். "இரண்டும் ஒன்று என்பதற்கு என்ன ஆதாரம்?"

என் ஊர் என் ஊர்தான் என்பதற்கு என்ன ஆதாரம் காட்டுவது? சத்திரசிகிச்சைக்கு நாள் குறித்தாயிற்று. வயிற்று நோவோடு வெளியே வந்து, மழையில் பஸ்ஸுக்கு நின்றேன். ஒரு பெயரில் இரண்டு ஊர் என்பது போய், இப்போது ஓர் ஊருக்கு இரண்டு பெயர்.

4

அதே மாதம் அனிற்றாவின் பள்ளிக்கூடத்தில் பெற்றோர் சந்திப்பு. அவளுடைய வகுப்பாசிரியை நல்ல கலகலப்பான பெண். கையைக் கொடுத்துவிட்டுக் கேட்டார்: "நீங்கள் டெல்ஃப்டாமே! நானும் அங்கேதான். எந்தத் தெரு?"

நான் அனிற்றாவைப் பார்த்தேன். அவள் சுவரில் ஒட்டியிருந்த படமொன்றைப் படித்துக்கொண்டிருந்தாள்.

"கடற்கரைப் பக்கம்," என்றேன். ஆசிரியை கொஞ்சம் விழித்தார். அந்த டெல்ஃப்டில் கடற்கரை இல்லை.

வீடு திரும்பும்போது கேட்டேன். நாங்கள் பேசுவது இப்படித்தான்: நான் தமிழில் கேட்பேன், அவள் டச்சில் பதில் சொல்வாள்.

"எப்ப தொடக்கம் இப்பிடிச் சொல்லுறனி?"

"சின்ன வகுப்பிலிருந்தே."

"ஏன்?"

"எல்லாரும் கேட்பார்கள், எங்கிருந்து வந்தாய் என்று. நான் இங்கேதான் என்பேன். இல்லை, உண்மையில் எங்கிருந்து என்பார்கள். அம்மா எங்கிருந்து என்பார்கள். அம்மா டெல்ஃப்ட் என்று சொன்னால் அதோடு விட்டுவிடுவார்கள்." கொஞ்ச தூரம் நடந்தபின் சொன்னாள், "நான் பொய் சொல்லவில்லையே, அம்மா."

அது உண்மைதான். ஒரு சொல்லும் பொய் இல்லை. என் கடவுச்சீட்டில் இருப்பதைத்தான் சொல்லியிருக்கிறாள். ஏசுவதற்கு வாய் வந்தது, ஆனால் எதற்கு ஏசுகிறேன் என்று எனக்கே தெரியவில்லை. அவள் என் ஊரை மறைத்தாள் என்றா? அல்லது அவள் மறைப்பதற்கு இந்த ஊர்ப் பெயர் இவ்வளவு வசதி செய்து கொடுத்திருக்கிறதே என்றா?

எங்கள் தீவில் வளர்ந்தபோது என்னை ஒருவரும் எங்கிருந்து வந்தாய் என்று கேட்டதில்லை. படகு வந்தால் இறங்குபவரைப் பார்த்துத்தான் அந்தக் கேள்வி வரும். அக்காவின் கடையில் இன்றைக்கும் அதுதான் முதல் கேள்வி. தேத்தண்ணி வேணுமோ என்பது அதற்குப் பிறகுதான். நானே எத்தனை பேரை அப்படிக் கேட்டிருக்கிறேன்! கேட்டதில் தவறு இருந்ததாக ஞாபகம் இல்லை. கேட்கப்படுபவருக்கு எப்படி இருந்திருக்கும் என்று அன்று மகளோடு நடந்து வரும்போதுதான் முதல் தடவையாக யோசித்தேன்.

"நெடுந்தீவு எண்டு சொல்லிப் பார்," என்றேன்.

சொன்னாள். இரண்டு இடத்தில் வழுக்கியது.

"கஷ்டமா இருக்கு," என்றாள். அதைத் தமிழில் சொன்னாள்.

5

மூன்றாம் முறை நகரசபைக்குப் போன அன்று நோவு கூடி, எனக்குத் தனியே நிற்கவே ஏலாமல் இருந்தது. அனிற்றா பாடசாலையால் வந்த கையோடு என்னைப் பிடித்துக்கொண்டு வந்தாள். இங்கிரிட் எங்களை இருக்கச் சொல்லி, கதிரையை அவரே இழுத்துப் போட்டார்.

"ஒரு வழி இருக்கிறது," என்றார். "ஆவணங்கள் ஒத்துவராவிட்டால், உண்மை சொல்வதாக உறுதி எடுத்து நீங்களே வாயால் சொல்லலாம். நான் எழுதிக்கொள்வேன்."

"இதை ஏன் முதலில் சொல்லவில்லை?"

"ஆவணம் இருக்கிறது என்றீர்களே. இருந்தால் அதைத்தான் பார்க்கவேண்டும்."

எழும்பி நின்று, வலது கையின் இரண்டு விரல்களை உயர்த்தி, உறுதிமொழி சொன்னேன். இங்கிரிட் விசைப்பலகையில் விரலை வைத்துக்கொண்டு கேட்டார்: "நீங்கள் எங்கே பிறந்தீர்கள்?"

"டெல்ஃப்டில்," என்றேன்.

என்ன செய்வது! இருபது வருடமாக அந்தப் பாஷையில் அந்தக் கேள்விக்கு என் வாய் பழகியிருந்த பதில் அதுதான். இங்கிரிட் விசைப்பலகையிலிருந்து விரலை எடுத்துவிட்டார். முகத்தில் கோபமில்லை, களைப்பு இருந்தது. நான் திருத்தப் போனேன், நோவு பிடித்து இழுக்கக் கதிரையில் இருந்துவிட்டேன். பின்னால் நான்கைந்து பேர் காத்திருந்தார்கள்.

அப்போதுதான் அனிற்றா எழும்பினாள்.

"என் அம்மா சொல்வது தீவை," என்றாள். "அதற்கு அங்கே வேறு பெயர் இருக்கிறது. இந்தத் தாளில் இருக்கிற பெயர்தான்." அதை நிறுத்தி நிறுத்திச் சரியாகச் சொன்னாள். எப்போது பழகினாளோ தெரியாது. "நாங்கள்தான் கப்பலில் போய் டெல்ஃப்ட் என்று பெயர் வைத்தோம். நாங்களே வைத்துவிட்டு, இப்போது எங்களுக்கே விளங்கவில்லை என்று சொன்னால் எப்படி?"

இங்கிரிட் அவளைப் பார்த்தார். பிறகு சிரித்தார், ஆனால் இருபது வருடத்துக்கு முன் அந்த மனிதர் சிரித்தமாதிரி அல்ல. அனிற்றா போனில் வரைபடத்தை எடுத்துக் காட்டினாள். இங்கிரிட் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கிட்டக் குனிந்தார். பிறகு தட்டத் தொடங்கினார். ஊர்ப் பெயரை எழுத்தெழுத்தாக என்னிடம் கேட்டார். நாடு என்ற இடத்தைக் கையால் நிரப்பினார். கணினி ஒருதரம் எதிர்த்தது. அவர் எதையோ அழுத்தி அதை ஒத்துக்கொள்ள வைத்தார்.

வேலை முடிந்துவிட்டது. எனக்குச் சந்தோஷம் வந்திருக்கவேண்டும், வந்ததும்தான். ஆனால் வாசல்வரை வருவதற்குள் ஒரு சொல் முள்ளாகக் குத்தத் தொடங்கிவிட்டது. 'நாங்கள்'. நாங்கள்தான் கப்பலில் போனோம் என்றாள். என் மகளின் 'நாங்கள்' கப்பலுக்குள் நிற்கிறது. நான் கரையில் நிற்கிறேன். தமிழில் என்றால் நாம் என்றும் நாங்கள் என்றும் பிரித்துச் சொல்ல இடமிருக்கிறது. எதிரே இருப்பவரைச் சேர்ப்பதா விடுவதா என்று முதலிலேயே தெரிந்துவிடும். அவள் பேசிய பாஷையில் இரண்டுக்கும் ஒரே சொல், அதை 'நாங்கள்' என்று இங்கே எழுதியது நான்தான். அந்தச் சொல்லுக்குள் நான் இருந்தேனா இல்லையா?

கேட்கலாம்தான். ஆனால் அந்த 'நாங்கள்' இல்லாமல் இங்கிரிட்டின் விரல் அசைந்திருக்காது. அதோடு அவள் என் கையைப் பிடித்துப் படியிறக்கிக்கொண்டிருந்தாள். கேட்கவில்லை.

6

சத்திரசிகிச்சைக்கு முதல் நாள்வரை வேலைக்குப் போனேன். யொரிஸிடம் இரண்டு விஷயம் சொன்னேன். நாற்பத்தொன்றை இனி எதற்கும் பாவிக்க வேண்டாம், வெறுமனே கிடக்கட்டும் என்றேன். தெரியாத எண் வந்தால் நிற்கவும் வேண்டாம், ஊகிக்கவும் வேண்டாம். மதகை இருந்தபடியே வைத்துக்கொண்டு மனிதரைக் கூப்பிட்டுக் கேட்கட்டும் என்றேன். அதற்கென்று ஒரு புதிய கட்டளை எழுதி வைத்திருந்தேன்.

முதலாவதை யொரிஸ் ஒத்துக்கொண்டான். இரண்டாவதைக் கேட்டுவிட்டுத் தாடியைத் தடவினான்.

"நல்லது. ஆனால் கேட்டால் பதில் சொல்ல ஆள் இருக்கவேண்டுமே. வாய்க்கால் கரையில் யார் இருக்கிறார்கள்?"

"யாராவது இருப்பார்கள்."

"பதில் தவறாக இருந்தால்?"

அதை நான் யோசித்திருக்கவில்லை. நான் வரும்வரை அதைச் சேர்த்துவைத்துச் சோதித்துப் பார்ப்பதாகச் சொன்னான். அது சரியான கட்டளையா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

பதிவு மாறிய தாளை இணைத்து அக்கா திரும்பவும் விண்ணப்பித்திருந்தார். விசா வந்தது. ஆனால் பிந்தித்தான் வந்தது, சத்திரசிகிச்சை அதற்காகக் காத்திருக்கவில்லை. என் கணவர் லீவு எடுத்துக்கொண்டு வந்தும், பாரவூர்தி பிரான்சில் எங்கோ பழுதாகி ஒருநாள் பிந்திவிட்டது. நான் மயக்கம் தெளியும்போது கட்டிலருகே இருந்தது அனிற்றா மட்டும்தான்.

இனிச் சொல்வது அவள் சொல்லி எனக்குத் தெரியும். தாதி வந்து, மயக்கம் தெளிந்தவர்களிடம் கேட்கும் கேள்விகளைக் கேட்டாராம். பெயர் என்ன? சரியாகச் சொன்னேனாம். நீங்கள் இப்போது எங்கே இருக்கிறீர்கள், தெரியுமா?

நான் தமிழில் பதில் சொல்லியிருக்கிறேன். பதற்றமாக, தாதியின் கையைப் பிடித்துக்கொண்டு, இரண்டு மூன்று தடவை. தாதி அனிற்றாவைப் பார்த்தாராம். "என்ன சொல்கிறார்? இடம் தெரிகிறதா அவருக்கு?"

"தெரிகிறது," என்றிருக்கிறாள் என் மகள். "சரியாகத்தான் சொல்கிறார்."

தாதி தாளில் ஒரு புள்ளடி போட்டுவிட்டுப் போய்விட்டார்.

"உனக்கு விளங்கினதோ நான் சொன்னது?" என்று பிறகு கேட்டேன்.

"இல்லை."

"பிறகேன் சரியெண்டு சொன்னனி?"

தோளைக் குலுக்கினாள். "நீங்கள் பயந்துபோய் இருந்தீர்கள்," என்றாள்.

7

அக்கா வந்து சேர்ந்தபோது நான் எழும்பி நடக்கத் தொடங்கிவிட்டேன். விமான நிலையத்தில் அவரைக் கூட்டிவரப் போனது அனிற்றாவும் அவள் அப்பாவும். கம்பளிச் சட்டைக்கு மேல் கம்பளிச் சட்டையாகப் போட்டுக்கொண்டு, கருவாட்டு மணத்தோடு அக்கா வீட்டுக்குள் வந்தார். என்னைத் தலையிலிருந்து கால்வரை ஒருதரம் பார்த்தார்.

"இவ்வளவு பாடுபட்டு வந்தால் நீ எழும்பி நிக்கிறாய்," என்றார். பிறகு என் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

அன்று பின்னேரம் குசினியில் அக்கா தேத்தண்ணி ஊற்ற, அனிற்றா அவரிடம் ஆஸ்பத்திரிக் கதையைத் தனக்குத் தெரிந்த தமிழில் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் மயக்கத்தில் பேசிய இடம் வந்தபோது அக்கா கேத்தலைக் கீழே வைத்தார்.

"என்ன சொன்னவள்? அப்பிடியே சொல்லு, பிள்ளை."

அனிற்றா கண்ணை மூடி யோசித்தாள். "யிறு அவிளுது. யிறு அவிளுது, பிடி."

"கயிறோ, வயிறோ?"

"ரெண்டும் வேற வேறயோ, பெரியம்மா?"

"ஐயோ, பிள்ளை! கயிறு எண்டால் படகு கட்டுற கயிறு. வயிறு எண்டால் இது." தன் வயிற்றைத் தட்டிக் காட்டினார். "எது சொன்னவள்?"

"முதல் எழுத்துக் கேக்கேல்லை."

இருவரும் என்னைப் பார்த்தார்கள். எனக்கு எங்கே தெரியும்! கயிறு என்றால் நான் மாவிலித்துறையில் நின்றிருக்கிறேன், தாதியிடம் என் மகள் சொன்னது பிழை. வயிறு என்றால் ஆஸ்பத்திரிக் கட்டிலில்தான் கிடந்திருக்கிறேன், தையல் விட்டுப்போகுமென்று பயந்திருக்கிறேன். அவள் சொன்னது சரி. இரண்டையும் வாய்க்குள் சொல்லிப் பார்த்தேன். இரண்டும் நான் சொல்லக்கூடியவைதான். அக்கா கயிறு என்றுதான் இருக்கும் என்றார். அனிற்றா வயிறு என்றாள். கொஞ்ச நேரத்தில் அக்கா வயிறாகவும் இருக்கலாம் என்றார். அனிற்றா உடனே கயிறுக்கு மாறினாள்.

"சரி விடு," என்றார் அக்கா கடைசியில். "எதெண்டாலும் இறுக்கிக் கட்டத்தானே வேணும்."

ஆஸ்பத்திரியில் தந்த வயிற்றுப் பட்டி கதிரையில் கிடந்தது. எனக்குத் தனியே கட்ட ஏலாமல் கழற்றி வைத்திருந்தேன். அக்கா அதை எடுத்து என் இடுப்பைச் சுற்றிக் கொண்டுவந்து, மறு கையை மகள் பக்கம் நீட்டினார்.

"இந்த நுனியைப் பிடி, பிள்ளை. நான் சொல்லுமட்டும் விட்டிடாதை."

அனிற்றா இரண்டு கையாலும் பிடித்தாள்.